மனந்திரும்புதலும் பின்செல்லுதலும்: விவிலிய அழைப்புவினைகளின் தமிழாக்கம்

கிறித்தவ நற்செய்தியின் அழைப்பு இரண்டு ஏவல்களில் அடங்கிவிடுகிறது. மனத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்வது ஒன்று; பின்னே வரச் சொல்வது மற்றொன்று. மாற்கு நற்செய்தியின் முதல் இயலில் இவ்விரண்டும் மிக அருகருகே அமைந்துள்ளன (1:15, 1:17). யோவான் நற்செய்தி இவற்றோடு ஒளியை இணைக்கிறது. பின்செல்பவன் இருளில் நடப்பதில்லை என்பது அங்குள்ள கருத்து (8:12). திருத்தூதர் பணிகளின் 26ஆம் இயலில் பவுல் தமக்குக் கிடைத்த ஆணையை அகிரிப்பா அரசன் முன் எடுத்துரைக்கையில், இருளிலிருந்து ஒளிக்குத் திரும்புதல் என்பதே அவ்வாணையின் உள்ளடக்கமாகிறது (26:18). இச்சொற்களைத் தமிழில் பெயர்த்தவர்கள் எவ்வினைகளைத் தேர்ந்தனர், அத்தேர்வு பொருண்மையில் எதைக் காத்தது, எதை இழந்தது என்பது மொழிபெயர்ப்பாளர் கவனத்துக்குரியது. சமய வேறுபாடு கருதாது, மொழியமைப்பை மட்டும் கொண்டு இதனை ஆராய இடமுண்டு.

தமிழ் விவிலியத்தின் அச்சு வரலாறு நெடியது. சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பப்ரிசியுசின் புதிய ஏற்பாடு 1772இல் சென்னை வேப்பேரியில் வெளிவந்தது. பின்னர் இரேனியசும், பெர்சிவலும் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரும் இப்பணியைத் தொடர்ந்தனர். ஹென்றி போவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பே சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் மிகுதியாக வாசிக்கப்படுகிறது. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளியாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் அமைந்த இவ்விரண்டு பனுவல்களே இங்கு ஒப்பிடப்படுகின்றன.

திரும்புவது யார்?

கிரேக்க மூலத்தில் இரண்டு வினைகள் வேறுபடுத்தப்படுகின்றன. மெத்தனோயேயோ என்பது மனத்தின் மாற்றத்தைக் குறிப்பது. எபிஸ்த்ரெஃபோ என்பது உடல் திரும்புதலையும் அதன்வழி வாழ்வின் திசை திரும்புதலையும் குறிப்பது. எபிரேய இறைவாக்கினர் மக்களை ஆண்டவரிடம் திரும்பி வருமாறு அழைத்தபோது ஆண்ட ஷூப் என்னும் வினையைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு பெரும்பாலும் ஸ்த்ரெஃபோ அடியாகப் பிறந்த வினைகளாலேயே பெயர்த்தது. எனினும் நற்செய்திகளில் மெத்தனோயேயோ வருமிடங்களில் அந்த எபிரேய அழைப்பின் திசையுணர்வும் உடன் வருகிறது. சொல்லமைப்பில் மனமாற்றம், சொல்லாட்சியில் திரும்பிவருதல் என்னும் இந்த இருமையே மொழிபெயர்ப்பாளருக்கு எழும் முதல் இடர்.

இலத்தீன் மரபு இவ்விடரைத் தவம் அல்லது பரிகாரம் செய்தல் என்னும் பொருள்படும் தொடரால் தீர்த்தது. தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் நெடுங்காலம் நிலவிய பச்சாத்தாபம் என்னும் சொல் இம்மரபின் வழிவந்தது. அது பின்னோக்கிப் பார்த்து வருந்துவதைச் சொல்கிறது; முன்னோக்கி எங்கே செல்வது என்பதைச் சொல்வதில்லை. அவ்வருட்சாதனத்துக்கு இன்று ஒப்புரவு என்னும் பெயர் வழங்குவது, வருத்தத்திலிருந்து உறவுக்குப் பொருள் நகர்ந்திருப்பதைக் காட்டும்.

ஐக்கிய மொழிபெயர்ப்பு கையாளும் மனந்திரும்பு என்பது அமைப்பில் கூர்ந்து நோக்கத்தக்க கூட்டுவினை. மனம் என்னும் எழுவாய்ப்பெயர் வினையோடு ஒட்டி, மகரம் நகரமாகி, ஒரு சொல்லாக இறுகிவிட்டது. இறுகிய பின்னும் உள்ளிருக்கும் திரும்பு என்னும் வினை தன் இயல்பை விட்டுவிடவில்லை. திரும்பு என்பது புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் வேற்றுமையுருபுகளால் ஏற்கும் வினை. மனந்திரும்பு என்பதும் சேருமிடத்தை ஏற்கிறது. பவுல் எபேசு மூப்பர்களிடம் பேசுமிடத்தில் (20:21) ஐக்கிய மொழிபெயர்ப்பு அவ்வினைக்குத் ‘தேவனிடத்திற்கு’ என்னும் உருபேற்ற பெயரை நேரடியாகத் தருகிறது. எங்கிருந்து என்பதோடு யாரிடம் என்பதையும் சொல்ல இவ்வினை இடந்தருகிறது.

திருவிவிலியம் தேர்ந்தது மனம் மாறு என்பது. இது பொதுவழக்குச் சொல். சபைக்கு வெளியே உள்ளவருக்கும் எளிதில் விளங்கும். இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயின் மாறு என்பது நிலைமாற்ற வினை. அது ‘ஆக’ என்னும் ஈற்றோடு விளைவுநிலையை ஏற்கும். ‘இலிருந்து’ என்னும் உருபோடு பழைய நிலையையும் ஏற்கும். ஆனால் ஓர் ஆளைச் சேருமிடமாக ஏற்பது அதற்கு இயல்பன்று. ‘கடவுளிடம் மனம் மாறு’ என்பது தமிழாகாது. ‘மனம் மாறிக் கடவுளிடம் வா’ என மற்றொரு வினையைச் சேர்த்தாலன்றி யாரிடம் என்பதைச் சொல்ல வழியில்லை. இதற்குமேல், மனம் மாறு என்பதற்கு நன்மைச் சார்பு கிடையாது. வருவதாக வாக்களித்தவன் வராமலிருந்தாலும் மனம் மாறிவிட்டான் என்றே சொல்வர். மெத்தனோயேயோ தனித்து ஏவலாக நிற்கும் மாற்கு 1:15 போன்ற இடங்களில் இக்குறை வெளிப்படையாகத் தெரிகிறது. மாறச் சொன்னவர் எத்திசையில் நிற்கிறார் என்பது அச்சொல்லில் இல்லை.

இதனால் பழைய மொழிபெயர்ப்பு எங்கும் மேம்பட்டதெனக் கொள்வது பொருந்தாது. இரண்டு கிரேக்க வினைகளும் அடுத்தடுத்து வரும் திருத்தூதர் பணிகள் 3:19இல் அது இடறுகிறது. மனந்திரும்பு என்பதை முதல் வினைக்குச் செலவிட்டுவிட்டதால், இரண்டாம் வினைக்குக் குணப்படு என்பதை நாட வேண்டியதாயிற்று. பேதுருவை நோக்கிய லூக்கா 22:32இலும் அச்சொல்லே நிற்கிறது. நற்குணம் அடைதல் என்னும் பொருளில் அன்று அது பொருந்தியிருக்கலாம். இன்றைய வாசகர் செவியில் நோய் நீங்குதலே முதலில் விழும். இறைவனிடம் திரும்புதல் ஒழுக்கச் சீர்திருத்தமாகவோ உடல்நலமாகவோ குறுகிவிடுகிறது. இங்கு மனம் மாறுதலையும் திரும்புதலையும் இரு வினைகளாகப் பிரித்துத் தரும் திருவிவிலியமே மூலத்துக்கு நெருங்கியது. (குணக்கு என்னும் பழந்தமிழ்ச் சொல் கிழக்கைக் குறிப்பதால், குணப்படுதல் ஞாயிறு எழும் திசைநோக்கித் திரும்புதல் என விளக்கம் கூற விழைவோர் உண்டாகலாம். குணம் என்பது வடசொல், குணக்கு என்பது தமிழ்ச் சொல். ஒலியொப்புமை சொற்பிறப்புக்குச் சான்றாகாது.) மத்தேயு 18:3இலோ எதிர்நிலை காணப்படுகிறது. அங்கு மூலத்தில் இருப்பது ஸ்த்ரெஃபோ. ஐக்கிய மொழிபெயர்ப்பு மனந்திரும்பு என்றே பெயர்க்கிறது. இரண்டு மூலவினைகளின் வேறுபாடு இவ்வாறு மங்கினாலும், கலிலேயாவின் அழைப்பையும் தமஸ்கு வழியின் அழைப்பையும் திரும்பு என்னும் ஒரே வினையடி பிணைக்கிறது. மூலத்தில் இல்லாத இப்பிணைப்பு தமிழ் வாசகருக்குக் கிடைத்த ஆதாயம் எனலாம்.

மேற்கண்ட 26:18இல் வேறொரு சிக்கல் உள்ளது. அங்கு வரும் கிரேக்க வினையெச்சத்தைத் தன்வினையாகவும் பிறவினையாகவும் கொள்ள இயலும். பவுல் அவர்களைத் திருப்புவதற்காக அனுப்பப்படுகிறாரா, அவர்கள் தாமே திரும்புவதற்காகக் கண் திறக்க அனுப்பப்படுகிறாரா என்பதில் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வேறுபடுகின்றன. தமிழில் இவ்விருமையைக் காப்பாற்ற இயலாது. திரும்பு, திருப்பு என மெல்லினமும் வல்லினமும் இரண்டையும் பிரித்துவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஐக்கிய மொழிபெயர்ப்பு தன்வினையைத் தேர்ந்தது. தூதன் செய்வது கண்ணைத் திறத்தல். திரும்புவது கண் திறக்கப்பட்டவரின் செயல். ஒரு மெல்லின ஒற்று இறையியல் நிலைப்பாடாக மாறும் இடம் இது.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. மாறு, மாற்று என்பவையும் தன்வினை பிறவினை இணைகளே. ஆனால் அவற்றுக்குரிய தொழிற்பெயர் மாற்றம் ஆகும்போது அவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. மதமாற்றம் என்று எழுதினால் ஒருவர் மாறினாரா, மாற்றப்பட்டாரா என்பது அச்சொல்லிலிருந்து விளங்காது. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவரப்பட்டு 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்ட சட்டம் குறித்த வாதங்களில், இருதரப்பினரும் இந்த ஒரு பெயர்ச்சொல்லையே இருவேறு பொருளில் ஆண்டனர். ஒரு சாரார் அதில் மாற்றுதலைக் கேட்டனர். மறுசாரார் மாறுதலைக் கேட்டனர். கட்டாயம் என்னும் அடையைச் சேர்க்க நேர்ந்ததற்கு, பெயர்ச்சொல் அவ்வேறுபாட்டைத் தானே காட்டாமையும் ஒரு காரணம் எனக் கருதலாம். மனமாற்றம் என்னும் சொல் இந்த மங்கலைத் தானும் ஏற்கிறது. ஓரெழுத்து வேறுபாட்டில் மதமாற்றத்தின் நிழலிலும் விழுகிறது. மனந்திரும்புதல் என்பதில் இவ்விடர் இல்லை. ‘தல்’ ஈறு வினையின் மெல்லினத்தைக் காப்பதால் அது எக்காலும் தன்வினையே. தான் திரும்பாமல் ஒருவன் மனந்திரும்ப முடியாது. மற்றொருவரை மனந்திருப்பினேன் என்று எவரும் சொல்வதில்லை. சபைவழக்கு எனத் தள்ளப்படும் சொல் பொதுவழக்குச் சொல்லைவிட நுட்பமாக இருப்பதற்கு இது சான்று.

ஒளியும் வெளிச்சமும்

திரும்பும் வினைக்கு இலக்கான ஒளியைக் குறிப்பதில் ஐக்கிய மொழிபெயர்ப்பு எதிர்பாராத பாகுபாடு ஒன்றைச் செய்கிறது. ஃபோஸ் என்னும் ஒரே கிரேக்கச் சொல்லுக்கு ஒளி, வெளிச்சம் என இரண்டு சொற்களை அது ஆள்கிறது. யோவான் 8:12இல் இயேசு தம்மைக் குறிக்கும்போது ஒளி. மத்தேயு 5:14இல் சீடரைக் குறிக்கும்போது வெளிச்சம். யோவான் நற்செய்திக்குள்ளேயே திருமுழுக்கு யோவானாகிய விளக்கிலிருந்து வருவது வெளிச்சம் (5:35). பகலில் நடப்பவன் காண்பது வெளிச்சம் (11:9). உலகில் வந்தது ஒளி (12:46). கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 4:6இல் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் வருகின்றன. படைப்பின் தொடக்கத்தில் இருளிலிருந்து தோன்றியது வெளிச்சம்; கிறிஸ்துவின் முகத்தில் தோன்றுவது ஒளி. தமஸ்கு நிகழ்ச்சியைப் பவுல் எருசலேமில் விவரிக்கும் இடத்தில் (22:6, 22:9) அவரைச் சூழ்ந்தது பேரொளி. உடன் சென்றவர் கண்டதோ வெளிச்சம்.

இப்பாகுபாடு முழுமையானதன்று. மத்தேயு 4:16இல் கிறிஸ்துவின் வருகையே வெளிச்சம் எனப்படுகிறது. எனினும் எடுத்துக்காட்டுகளின் பெரும்பான்மையை நோக்கத் தற்செயல் எனத் தள்ளிவிட முடியாது. தமிழ்ச் சொல்வழக்கும் இதற்கு இடந்தருகிறது. வெளிச்சம் என்பது வெளி என்பதோடு தொடர்புடையது, பொருள்களைப் புலப்படுத்துவது, விளக்கால் ஏற்றவும் அணைக்கவும் கூடியது. ஒளி என்பது பொருளிடத்தே உறையும் பண்பு. புகழ், மதிப்பு என்னும் பொருள்களையும் பழந்தமிழில் பெறுவது. ஐக்கிய மொழிபெயர்ப்பு முழுமை பெற்ற மறு ஆண்டில், 1872இல், வடலூரில் இராமலிங்கர் ஞானசபையை அமைத்துச் சோதி வழிபாட்டை நிறுவினார் என்பதையும் இங்கு நினைக்கலாம். இறைமையை ஒளியாகக் காணும் மரபு தமிழ்ச் செவிக்குப் புதியதன்று. உயர்வான ஒளிக்கும் பயன்பாட்டு வெளிச்சத்துக்கும் இடையே கோடு கிழிப்பது அம்மரபில் வளர்ந்தோருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும்.

இயல்பானதே ஆயினும் இக்கோடு மூலத்தைத் திரிக்கிறது. உலகின் ஒளி என்னும் ஒரே தொடரை மூலம் ஆசிரியருக்கும் சீடருக்கும் வழங்குகிறது. பின்செல்பவன் யாரைப் பின்செல்கிறானோ அவருடைய ஒளியையே பெறுகிறான் என்பது அவ்வொருமையில் அடங்கிய செய்தி. வெளிச்சம் எனக் குறைத்ததால், அழைப்பை ஏற்றவர் பெறுவது வேறு தரத்தது என்னும் எண்ணத்தை மொழிபெயர்ப்பு புகுத்திவிடுகிறது. பக்தியால் நேர்ந்த பிழை இது. மொழிபெயர்ப்பில் பக்தி செய்யும் பிழைகள் அறியாமை செய்பவற்றைவிடக் கண்டுபிடிக்க அரியவை. திருவிவிலியம் இரண்டிடத்தும் ஒளி என்றே பெயர்த்து இதனைச் சரிசெய்தது. அப்பனுவலின் சிறந்த திருத்தங்களுள் இதுவும் ஒன்று; ஆனால் அதிகம் பேசப்படாதது.

பின்னே வருதல்

அகொலூதேயோ என்னும் கிரேக்க வினை ‘ஒரே பாதையில் உடன்செல்’ என்னும் அடிப்பொருளுடையது. பாதையைக் குறிக்கும் பெயரிலிருந்து பிறந்தது. அதற்குத் தமிழ்ப் பனுவல்கள் பின்செல், பின்பற்று, பின்னே வா என்னும் மூன்றையும், பின்தொடர் என்பதையும் கையாள்கின்றன. இவை ஒருபொருட்சொற்கள் அல்ல. பின்செல் என்பது நான்காம் வேற்றுமையை ஏற்பது. ஒருவருக்குப் பின் என்னும் இடவுறவு அதில் அழியாது நிற்கிறது. பின்பற்று என்பது இரண்டாம் வேற்றுமையை ஏற்கும் செயப்படுபொருள் குன்றாவினை; ஒருவரைப் பற்றுவது. இடம் மறைந்து பிடிப்பு முன்வருகிறது.

பற்று என்னும் சொல்லின் சமயச் சாயல் பெரிது. திருக்குறளின் துறவு அதிகாரம் விடவேண்டியதையும் பிடிக்கவேண்டியதையும் அவ்வொரு சொல்லாலேயே சுட்டுகிறது. அந்நிழல் விழும்போது பின்பற்றுதல் வெறும் நடையாக நில்லாது சார்தலாகிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பின் யோவான் நற்செய்தியில் இருள் ஒளியைப் பற்றிக்கொள்ளவில்லை (1:5), சீடன் ஒளியானவரைப் பின்பற்றுகிறான் (8:12) என ஒரே அடிச்சொல் இருமுறை எதிரெதிராக நிற்பது செவிக்கு இனியது. இருளால் பற்ற இயலாததை மனிதன் பற்றுகிறான். மூலத்தில் இவை தொடர்பற்ற இரண்டு வினைகள்.

ஆயின் இருபதாம் நூற்றாண்டில் இச்சொல்லின் இணைவழக்கு மாறிவிட்டது. விதிகளைப் பின்பற்றுகிறோம், நடைமுறையைப் பின்பற்றுகிறோம், சாலையோரப் பலகைகளும் மருந்துக் குறிப்புகளும் அறிவுரைகளைப் பின்பற்றச் சொல்கின்றன. ஆளைப் பின்பற்றுவது என்றாலும் அவரது கொள்கையை ஏற்பது என்பதே முதற்பொருள். நடந்து செல்லும் ஒருவரின் முதுகைப் பார்த்து நடப்பது அச்சொல்லில் இல்லை. சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்த மத்தேயுவுக்குக் கொள்கை எதுவும் விளக்கப்படவில்லை. எழுந்து நடக்கவே அவர் அழைக்கப்பட்டார். பேச்சு முழுவதும் ஒரு கட்டளைக்குள் முடிந்துவிடும் இந்நிகழ்ச்சியில், வினை உடலசைவைச் சொல்லாவிட்டால் நிகழ்ச்சியே நிகழவில்லை என்றாகிறது.

மத்தேயு 9:9க்கு ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘பின்சென்று வா’ எனக் கட்டளையை அமைக்கிறது. செல்லுதலும் வருதலும் ஒரே தொடரில் முரணுவனபோலத் தோன்றும். தமிழின் சுட்டமைப்பை அறிந்தவருக்கு முரண் இல்லை. தரு, வரு என்பவை தன்மை முன்னிலைகளுக்கும், செல், கொடு என்பவை படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வரையறுக்கிறது. பேசுபவர் தாமே புறப்பட்டுப் போகும்போதும் கேட்பவரை நோக்கி ‘நீயும் வா’ என்பதே தமிழ். ‘நீயும் போ’ என்றால் பேசுபவர் உடன்வரவில்லை என்றாகும். ஆகவே கட்டளை ‘வா’ என முடிவதால், அழைத்தவர் நின்ற இடத்திலிருந்து ஏவாமல் முன்னே நடக்கிறார் என்பது பெறப்படுகிறது. அடுத்த வாக்கியத்தில் கதைசொல்லி பேசும்போது வினை ‘பின்சென்றான்’ எனச் செல் வினையாக மாறுகிறது. மூலத்தில் கட்டளைக்கும் நிறைவேற்றத்துக்கும் ஒரே வினை. தமிழ் அதனைப் பிரித்து, அழைப்பவரின் இடத்திலிருந்து ஒருமுறையும் காண்பவரின் இடத்திலிருந்து ஒருமுறையும் காட்டுகிறது. இலக்கணம் மொழிபெயர்ப்பாளருக்குக் கேளாமலே அளித்த நன்கொடை இது.

மீனவரை அழைக்கும் இடத்தில் இரு பனுவல்களும் ‘பின்னே வாருங்கள்’ என்றே பன்மையில் பெயர்க்கின்றன. அப்பன்மை மரியாதைப் பன்மையாகவும் கேட்கும், அதனால் கேடில்லை. மரியாதை விகுதியில் இரு பனுவல்களும் பெரிதும் வேறுபடுவது கதைசொல்லியின் கூற்றில்தான். ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘ஆன்’ விகுதி பெற்ற சுங்கம் வாங்குபவர் திருவிவிலியத்தில் ‘ஆர்’ விகுதி பெறுகிறார். யாரையும் ஒருமையில் இழிக்கலாகாது என்னும் இக்கால உணர்வு போற்றுதற்குரியது. இழிவாகக் கருதப்பட்டவர் அழைக்கப்பட்டார் என்னும் அதிர்ச்சி சற்றே தணிவது அதற்குக் கொடுத்த விலை. எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இவ்விரண்டில் ஒன்றை இழக்காமல் தப்ப முடியாது.

சிலுவை சுமந்து வரச் சொல்லும் மாற்கு 8:34இல் மற்றொரு வேறுபாடு உண்டு. பழைய மொழிபெயர்ப்பு தன்னையே வெறுக்கச் சொல்கிறது. புதியது தன்னலம் துறக்கச் சொல்கிறது. மூலவினை மறுத்தல், அறியேன் எனக் கூறுதல் என்னும் பொருளது. பேதுரு பின்னர் இயேசுவை மறுதலித்ததற்கும் அவ்வினையின் இனமே வருகிறது. வெறுத்தல் மிகை, தன்னலம் துறத்தல் குறை. தன்னலம் இல்லாதவர் எச்சமயத்திலும் உண்டு. இவ்வசனத்தில் துறக்கச் சொல்லப்படுவது நலத்தை மட்டுமன்று, ‘தான்’ என்பதையே. மறுதலி என்னும் சொல் கையருகே இருந்தும் இரு பனுவல்களும் அதனை இவ்விடத்துக்குக் கொள்ளாமை வியப்பளிக்கிறது. பேதுருவின் வீழ்ச்சியோடு பிணைந்துவிட்ட அச்சொல்லை நல்வினைக்கு ஆள மனம் வராமையே காரணமாகலாம்.

எரிகோவில் பார்வை பெற்ற பர்த்திமேயுவின் நிகழ்ச்சியில் (மாற்கு 10:52) ஒளியும் பின்செல்லுதலும் சந்திக்கின்றன. மூலம் அவன் வழியில் பின்சென்றான் என்பதோடு முடிகிறது. அவ்வழி எருசலேமை நோக்கியது என்பது முன்னரே கூறப்பட்டுவிட்டது. ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘வழியிலே’ என்னும் ஒரு சொல்லையும் பின்செல் என்னும் வினையையும் வைத்து அமைகிறது. திருவிவிலியமோ பின்பற்று என்பதை ஆண்டபின் அது போதாதெனக் கண்டு, உடன் வழிநடத்தலைக் குறிக்கும் வினை ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறது. மற்ற இடங்களில் கொள்கையைக் குறிப்பதாகச் சுருங்கிய சொல்லுக்கு, கண் தெரிந்தவுடன் சாலையில் இறங்கிய ஒருவனைச் சொல்லும்போது மட்டும் கால்கள் தேவைப்பட்டிருக்கின்றன.